ராட்டினத்தின் அடியில் நின்றவர்கள்

கொங்கு நாட்டுப் பேச்சில் திருவிழாவுக்கு நோம்பி என்று பெயர். நோன்பு என்னும் சொல்லே மருவி நோம்பியாயிற்று என்பதை மொழி பயின்றோர் எளிதில் உணர்வர். நோம்பிக்குப் போய்த் திரும்பியவரிடம், "தேரு நெலைக்கு வந்துருச்சுங்களா? யாரு யாரு வந்திருந்தாங்க? கொழந்தைக்கு என்ன வாங்கிக் குடுத்தீங்க?" என்று கேட்பது வழக்கம். தீம் பார்க் போய் வந்த குடும்பத்திடம் கேட்கப்படும் கேள்வியோ வேறு: "எதெதுலீங்க ஏறுனீங்க?"

எட்டுப் பேர் வேன் பிடித்துப் போன ஒரு குடும்பத்தில் இக்கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர் இருவரோ மூவரோதான். மூட்டு வலியுள்ள ஆத்தா, ஆறாம் மாதத்து மருமகள், உயரம் காட்டும் கம்பத்துக்கு நாலு விரற்கடை குறைந்த பேரன், தலைசுற்றலுக்கு அஞ்சும் தந்தை, எல்லோருடைய பைகளையும் செருப்புகளையும் மடியில் வைத்துக் காத்திருக்கும் தாய் ஆகியோர் எதிலும் ஏறவில்லை. கேட்டால், "நாங்க சும்மா போயிட்டு வந்தோமுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். இந்தச் சும்மாவின் வரலாற்றைப் பேசுவதே நம் நோக்கம். ஏறுகிறவர்களுக்கு விளம்பரமும் புகைப்படமும் உண்டு. ஏறாதவர்களைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. இத்தனைக்கும் விழாக்களின் நீண்ட சரித்திரத்தில் பெரும்பான்மையினர் அவர்களே.

கொங்கர் விழாவைப் பற்றிய மிகப் பழைய செய்தி அகநானூற்றில் கிடைக்கிறது. 368ஆம் பாடல் உள்ளி விழாவைக் குறிப்பிடுகிறது. இடையில் மணிகளைக் கட்டிக்கொண்டு கொங்கர் தெருவில் ஆடிய விழா அது. ஆடியவர் சிலராக இருந்திருப்பர்; தெரு என்று ஒன்று இருந்தால் திண்ணையும் வாசலும் இருந்திருக்கும், அங்கே நின்று பார்த்தவர் பலராக இருந்திருப்பர். நீர் விளையாட்டுக்கும் இது பொருந்தும். வையையின் புதுப்புனலுக்குத் திரண்டு செல்லும் மதுரை மக்களைப் பரிபாடல் விரிவாகவே காட்டுகிறது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் புகார் நகரமே கடற்கரைக்குப் பெயர்கிறது. ஆனால் காப்பியத்தின் போக்கையே மாற்றிய இருவர் அலையில் இறங்கி விளையாடிக்கொண்டிருக்கவில்லை. புன்னை நிழலில் திரை வளைத்து அமர்ந்து யாழ் மீட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அமர்வு கோவலனுக்கும் மாதவிக்கும் நன்மையாக முடியவில்லை என்பது வேறு செய்தி. கரையில் இருத்தலும் கடலாடலின் ஒரு பகுதியே என்று இளங்கோவடிகள் கருதியிருக்கிறார் என்பதே நாம் இங்கே கொள்ளவேண்டியது.

கொங்கு நாட்டில் குடும்பச் சுற்றுலாவுக்கு முன்னோடி என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால், நாம் பூப்பறிக்கும் நோம்பியைச் சொல்வோம். தைப் பொங்கலையொட்டி வரும் இந்நாளில் பெண்களும் பிள்ளைகளும் கூட்டமாகப் புறப்பட்டு ஊர்ப்புறத்துக் காட்டுக்கோ கரட்டுக்கோ ஆற்றங்கரைக்கோ போவார்கள். ஆவாரம்பூ பறிப்பது பெயரளவுக் காரணம். தூக்குப்போசியில் கட்டுச்சோறு, துணிப்பையில் முறுக்கு, கச்சாயம், கரும்புத் துண்டு ஆகியவற்றோடு ஒரு பகல் முழுதும் வீட்டுக்கு வெளியே இருப்பதே மெய்யான காரணம். அங்கே கும்மி உண்டு, பாட்டு உண்டு, மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதும் உண்டு. ஆண்டு முழுவதும் அடுப்படியிலும் களத்துமேட்டிலும் கழிந்த பெண்ணுடலுக்கு அன்று ஒரு நாள் வேலை இல்லை. இதைக் காட்டிலும் பெரிய களிப்பை அவர்களில் எவரும் வேண்டியதாகத் தெரியவில்லை.

ஆடி நோம்பிக்குத் தூரி கட்டுவார்கள். ஊஞ்சலைத் தூரி என்றே இவ்வட்டாரம் அழைக்கும். புளியமரத்தின் தாழ்ந்த கிளையில் தாம்புக்கயிறு போட்டுக் கட்டிய தூரியில் அச்சமும் களிப்பும் இரண்டுமே உண்டு. இலக்கியத்தில் ஊசல் என்று வருவது இதுவே. சிலம்பின் ஊசல்வரியும் மணிவாசகரின் திருப்பொன்னூசலும் இந்த ஆட்டத்தின் மேல் கட்டப்பட்டவை. தூரியின் தனிச்சிறப்பு ஒன்றை இங்கே குறிக்க வேண்டும். எவ்வளவு உயரம் போவது என்பதை ஆடுகிறவளே முடிவு செய்கிறாள். "போதும், நிறுத்து" என்றால் தள்ளுகிறவள் நிறுத்திவிடுவாள். தேர்க்கடைகளுக்கு நடுவே வந்து நின்ற பழைய மரராட்டினமும் அப்படித்தான். நான்கு பெட்டிகள், கையால் சுற்றும் இருவர். மேலே போன குழந்தை வீறிட்டால் கீழே நிற்கும் தாய் ஒரு குரல் கொடுப்பாள், சுற்று தணிந்துவிடும். ஏறுகிறவருக்கும் அடியில் நிற்பவருக்கும் இடையே ஒரு பேச்சு இருந்துகொண்டே இருந்தது. இரும்புக் கம்பி மடியில் வந்து பூட்டிக்கொண்ட பின் யார் கத்தினாலும் சுற்று முடியும்வரை நிற்காத எந்திரம் வந்தபோது இந்தப் பேச்சு அறுந்தது.

தேர்த்திருவிழாக்களை நினைத்துப் பார்க்கலாம். மாசியில் கோனியம்மன் தேர் கோவையின் ராஜ வீதியில் வரும். சித்திரையில் அவிநாசியின் பெருந்தேர். ஆடியில் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் விழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தைக்குத் தமிழகம் கடந்தும் ஆட்கள் வருவர். குதிரை வாங்கும் வசதியில்லாத ஆயிரக்கணக்கானோர் அங்கே குதிரை பார்க்கவே போகிறார்கள். இவ்விடங்களில் எல்லாம் திகிலுக்கும் பஞ்சமில்லை. பொருட்காட்சித் திடலில் மரணக் கிணறு இருந்தது. பலகையால் அடித்த வட்டச் சுவரின் உட்புறத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளைச் செங்குத்தாக ஓட்டிக்கொண்டு மேலே வருவார்; விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். சர்க்கஸ் கூடாரத்து ஊசல் கம்பியிலும் இதே நிலைதான். பழைய கேளிக்கையில் உயிரைப் பணயம் வைப்பது ஒருவர் தொழில், அதைக் கண்டு நடுங்குவது மற்றவர் இன்பம். இந்தப் பிரிவினை நியாயமானதா என்று கேட்டால் நம்மிடம் எளிய விடை இல்லை. மரணக் கிணற்றில் ஓட்டியவர் பெற்ற கூலி அவர் எடுத்த ஆபத்துக்கு ஈடானதன்று. ஆயினும் பார்வையாளனைக் கயிற்றில் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும் என்று அக்காலத்தில் எவருக்கும் தோன்றவில்லை. பண்ணாரியில் பங்குனியில் குண்டம் இறங்குவோரின் கதை வேறு. அது வேண்டுதல், அதைக் கேளிக்கைக் கணக்கில் சேர்ப்பது தவறு.

விடுமுறை என்னும் கருத்தைக் கோவைக்குக் கொண்டு வந்தது ஆலைச் சங்கு. 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை என்று மக்கள் அழைத்த நூற்பாலை தொடங்கியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பின் ஆலைகள் பெருகின. வேளாண் குடிக்கு ஓய்வு என்பது மழையும் அறுவடையும் தரும் ஓய்வு. அது வாரக்கணக்கில் நீளும், நோம்பிகளும் அதற்கேற்ப அமைந்தவை. ஆலைத் தொழிலாளிக்கு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேர வேலையும் ஒரு நாள் ஓய்வும் என வரையறுத்தது. தேசிய நாள்களுக்கும் பண்டிகைகளுக்கும் சம்பளத்தோடு விடுமுறை தரும் மாநிலச் சட்டம் 1958இல் வந்தது. போராடிப் பெற்ற உரிமைகள் இவை. ஆனால் ஓய்வு ஒற்றை நாளாகச் சுருங்கியதும் இதனால்தான். ஒரே பகலுக்குள் களிப்பு முழுவதையும் பிழிந்தெடுத்தாக வேண்டும் என்ற அவசரம் அன்று தொடங்கியது என்று நாம் கருதுகிறோம்.

அந்த ஒற்றை நாளுக்கு முதலில் வாய்த்தது சினிமா. சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படமோட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அரங்கின் பெயர் பின்னாளில் டிலைட் என மாறிய பிறகும் சாலைக்கு வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயரே நிலைத்தது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் திரையரங்கமே என்றும், அங்கே இருக்கையை முடிவு செய்தது பிறப்பன்று, கொடுத்த காசே என்றும் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டியிருக்கிறார். இக்கருத்தைக் கேளிக்கைப் பூங்காவுக்கும் நீட்டலாம். சாதி கேட்டு ஆளை நிறுத்திய படித்துறைகள் நம் ஆறுகளிலும் குளங்களிலும் இருந்தன. நுழைவுச் சீட்டு வாங்கிய எவரையும் நீர்ப்பூங்காவின் குளம் அவ்வாறு கேட்பதில்லை. காசு இல்லாதவரை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

காசு குறைந்தவர்களுக்கென்று கோவையில் வ.உ.சி. பூங்கா இருந்தது. செக்கிழுத்தவரின் பெயரில் அமைந்த பூங்காவில் 1965இல் உயிரியல் பூங்காவும் வந்தது. சிறுவர் ரயில், மான், மயில், முதலை, வாசலில் கடலை வண்டி. உடுமலையிலிருந்தோ சத்தியமங்கலத்திலிருந்தோ ஆசுபத்திரி வேலையாகக் கோவைக்கு வந்தவர்கள்கூடப் பிள்ளைகளை இங்கே ஒரு நடை கூட்டிப்போய்த்தான் பஸ் ஏறுவார்கள். இடநெருக்கடியைக் காரணம் காட்டி மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2022இல் அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. விலங்குகளின் நலன் நோக்கி எடுத்த முடிவில் குறை காண்பதற்கில்லை. எனினும் குறைந்த செலவில் ஏறாமலே களிக்க இருந்த இடங்களுள் ஒன்றின் பெரும்பகுதி அதனோடு போயிற்று.

இனி மேலைநாட்டுப் பக்கம் சற்றுப் பார்ப்போம். தீம் பார்க் அங்கிருந்து வந்த சரக்கு என்பதால் அதன் பிறப்பை அறிவது தேவை. ரோலர் கோஸ்டரின் முன்னோடி என்று சொல்லப்படும் ஊர்தி 1884இல் நியூயார்க்கின் கோனி தீவில் தாம்சன் என்பவரால் அமைக்கப்பட்டது. கட்டணம் 5 சென்ட். அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர், அதாவது நம்மூர் மிதிவண்டியைவிடக் குறைவு. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் பெர்ரிஸ் நிறுவிய மாபெரும் ராட்டினம் 264 அடி உயரம். 36 அறைகளில் ஒரே நேரத்தில் 2,000 பேருக்குமேல் ஏறலாம். இரண்டே சுற்றுக்கு ஏறத்தாழ 20 நிமிடம் எடுத்துக்கொண்ட அந்த எந்திரத்தின் பயன் அச்சமூட்டுவதன்று, ஊரை உயரத்திலிருந்து காட்டுவது.

வால்ட் டிஸ்னி பிற்காலத்தில் ஒரு பேட்டியில் சொன்ன செய்தி பலரும் அறிந்ததே. லாஸ் ஏஞ்சலீஸில் கிரிபித் பூங்காவின் குடைராட்டினத்தில் மகள்கள் இருவரையும் ஏற்றிவிட்டு, அவர் பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருப்பாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து களிக்க ஓரிடம் வேண்டாமா என்று அப்போது தோன்றியதாம். ஆக, தீம் பார்க் என்ற எண்ணமே ராட்டினத்தின் அடியில் காத்திருந்த ஒரு தகப்பனிடம் பிறந்தது. 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது அங்கே ரோலர் கோஸ்டர் கிடையாது. பூங்காவைச் சுற்றிவரும் ரயில், படகு, குடைராட்டினம், சுழலும் தேநீர்க் கோப்பைகள் ஆகியவையே இருந்தன. மலை வடிவில் அமைத்த முதல் கோஸ்டர் வந்தது 1959இல். நான்கு ஆண்டுகள் ஒரு பெருந்திகிலும் இல்லாமலே அப்பூங்கா நடந்தது, கூட்டமும் வந்தது.

இவ்வரலாற்றில் நம் கவனத்துக்குரியது சீட்டு முறை. தொடக்கத்தில் உள்ளே நுழையச் சிறு தொகை, ஏறும் ஒவ்வொன்றுக்கும் தனிச்சீட்டு என்று இருந்தது. வெகுவிரைவில் எழுத்து வரிசையிட்ட சீட்டுப் புத்தகம் வந்தது. எளிய குடைராட்டினத்துக்கு 'ஏ' சீட்டு போதும்; பெரிய கேளிக்கைகளுக்குப் பிந்திய எழுத்துகளின் சீட்டு. 1982இல் இம்முறை கைவிடப்பட்டு, ஒரே சீட்டில் எல்லாம் என்றாயிற்று. உலகின் பெரும்பாலான பூங்காக்களும் அவ்வழியே சென்றன. ஏறுகிறவனுக்கு இது மலிவு. ஏறாதவளுக்கோ, தான் ஏறாத ஒவ்வொன்றுக்கும் சேர்த்துக் கொடுத்த காசு. நம் நோம்பிக் கடைவீதியில் ராட்டினத்தின் அடியில் நிற்க எவரும் கட்டணம் கேட்டதில்லை. நிற்பதற்கு விலை வைக்கப்பட்ட அன்றுதான் ஏறாதிருத்தல் நட்டம் ஆயிற்று.

இந்தியாவுக்கு இவ்வகைப் பூங்கா 1984இல் தில்லி அப்பு கர் மூலம் வந்தது. 2008இல் அது மூடப்பட்டுவிட்டது. மும்பையின் எஸ்ஸல் வேர்ல்ட் 1989இல் வந்தது. சென்னைக்கு அருகே கிஷ்கிந்தா, கொச்சியில் 2000ஆம் ஆண்டு வீகாலேண்ட் என்று தெற்கிலும் அலை பரவியது. கொங்கு நாட்டின் பங்கு நீலகிரி அடிவாரத்தில், மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை போகும் சாலையில் அமைந்த பிளாக் தண்டர். பேரூரைத் தாண்டிச் சிறுவாணிச் சாலையில் கோவை கொண்டாட்டம். இரண்டிலும் மக்களை முதலில் இழுப்பது நீர். இதைத் தற்செயல் என்று நாம் எண்ணவில்லை.

நொய்யலை நினைத்துப் பாருங்கள். வெள்ளியங்கிரி மலைகளில் பிறந்து பேரூர்ப் படித்துறையைத் தொட்டுத் திருப்பூர் வழியே காவிரிக்குப் போகும் ஆறு. அதில் குளித்து வளர்ந்த தலைமுறையினர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சாயக்கழிவு சேர்ந்து அந்த ஆறு கெட்டது. பாசனத்துக்கென்று 1992இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. அணையின் தண்ணீரை வயலுக்கு விட வேண்டாம் என்று உழவர்களே வேண்டும் நிலை வந்தது. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. பவானி ஆறு ஓடுகிறது. ஆனால் மேட்டுப்பாளையத்துக்கு மேலே பில்லூர் அணையில் திடீரென்று நீர் திறக்கும்போது ஆற்றில் இறங்கியவர்கள் அடித்துச் செல்லப்பட்ட துயரங்கள் ஒன்றிரண்டல்ல. புனலாட்டு என்று இலக்கியம் போற்றியதை ஆற்றில் நிகழ்த்த முடியாமற்போன காலத்தில்தான், சீட்டு வாங்கிக்கொண்டு அலையாடும் குளங்கள் இங்கே வேர்கொண்டன. காலவரிசையை அருகருகே வைத்துப் பார்த்தால் இதைக் காணாமலிருக்க முடியாது. கோபிக்கு அருகில் கொடிவேரி அணையில் மட்டும் பழைய முறை எஞ்சியிருக்கிறது. பவானியின் நீர் தடுப்பில் வழிந்து விழ, அதன்கீழ் மூன்று தலைமுறையும் ஒன்றாக நனையும். கரையில் மீன் பொரிக்கும் மணம் வரும். நீர்வரத்து மிகும் நாள்களில் அங்கும் தடை.

நீர்ப்பூங்காவின் அலைக்குளத்தை நாம் சற்று நின்று கவனித்திருக்கிறோம். உயரத்திலிருந்து குழாய்க்குள் சறுக்கி வருவோரின் வரிசையில் பெரும்பாலும் இளைஞர்கள். அலைக்குளத்தின் ஓரமோ வேறோர் உலகம். சங்கு ஊதியதும் அலை கிளம்பும் என்பது எல்லோருக்கும் தெரியும். குழந்தைகள் சங்குக்கு முன்பே கத்தத் தொடங்கிவிடுவார்கள். கணுக்கால் நீரில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி, அலை வந்து மடியை நனைத்தபோது பக்கத்திலிருந்த மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பைப் பார்த்தோம். "இன்னொருக்கா வருமா கண்ணு?" என்று கேட்டார். வயதான பெண் ஒருவர் பொது இடத்தில், ஆண்களும் உள்ள இடத்தில், துவைக்கவோ நீர் எடுக்கவோ சடங்குக்கோ அன்றி, விளையாட்டுக்காக மட்டும் நீரில் இறங்குவது நம் ஊர்களில் அண்மைக்காலச் செய்தி. விளம்பரப் பலகையில் இடம்பெறும் எந்தச் சறுக்கலைக் காட்டிலும் இது பெரிய மாற்றம் என்பது எம் கணிப்பு.

இடையில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடலாம். பல நீர்ப்பூங்காக்களில் பருத்தி ஆடையோடு குளத்தில் இறங்க அனுமதியில்லை. பருத்தி இழை பிரிந்து வடிகட்டியை அடைத்துவிடும் என்பது காரணம், நியாயமான காரணமே. ஆதலால் நைலான் உடையை வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கிறது. நூற்பாலைகளால் வளர்ந்த ஊரின் மக்கள், பருத்தியைக் களைந்து வைத்துவிட்டு நைலானில் நீராடுகிறார்கள்.

மேட்டுப்பாளையத்தில் நீர்ப்பூங்காவுக்கு ஒரு நூற்றாண்டு மூத்த மற்றொரு களிப்பு இருக்கிறது. 1899இல் குன்னூர்வரையும் 1908இல் உதகைவரையும் திறக்கப்பட்ட மலை ரயில். 46 கிலோமீட்டர், ஏறுவதற்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். தண்டவாளங்களின் நடுவே பதித்த பற்சட்டத்தைப் பற்சக்கரம் கவ்விக்கொண்டு, 12 அடி போனால் ஓரடி உயரும் சரிவில் வண்டி மேலேறுகிறது. 16 குகைகள், 250 பாலங்கள். 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம் பெற்றது. கோனி தீவின் முதல் ஊர்தியின் வேகமும் இந்த ரயிலின் சராசரி வேகமும் ஏறக்குறைய ஒன்றே என்பதை எண்ணும்தோறும் நமக்கு வியப்பு. குகைக்குள் வண்டி நுழையும்போது பெட்டியில் உள்ள பிள்ளைகள் ஒன்றாகக் கூவுவதும், பெரியவர்களும் நாலாவது குகையிலிருந்து சேர்ந்துகொள்வதும் இந்தப் பாதையின் மரபு. இதில் ஏறாதவர் என்று எவரும் இல்லை. எண்பது வயதுக்காரருக்கும் கைக்குழந்தைக்கும் ஒரே பெட்டி, ஒரே திகில். சீட்டுக் கிடைப்பதுதான் அரிது.

மீண்டும் சீட்டுக் கணக்குக்கு வருவோம். 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது கேளிக்கைப் பூங்கா நுழைவுக்கு 28 விழுக்காடு விதிக்கப்பட்டது. 2018 சனவரியில் 18 ஆகக் குறைந்தது. வரி சேர்ந்த சீட்டை எட்டுப் பேருக்கு வாங்கிய தலைவனின் மனநிலையை நாம் புரிந்துகொள்ள முடியும். "காசு குடுத்தாச்சு, ஏறுடா" என்ற அதட்டலை எந்தப் பூங்காவிலும் கேட்கலாம். அஞ்சி அழும் ஏழு வயதுப் பிள்ளையைத் தூக்கி இருக்கையில் வைத்துக் கம்பியைப் பூட்டுகிறார்கள். கம்பி பூட்டிய பின் தூரியில் சொன்னது போல, 'போதும்' என்று அவன் சொல்ல முடியாது. அஞ்சுவது கோழைத்தனம் என்று ஒரு கொடைநாளில் அவனுக்குக் கற்பிக்கப்படுகிறது. ஏற மறுக்கும் மனைவியைக் கேலி செய்வதும் இதே வரிசையில் அடங்கும். குடும்பமாகப் போகும் இடத்தில் குடும்பத்தின் மெல்லிய உடல்கள் கூச்சப்பட நேர்வதை நாம் சிறிய செய்தியாகக் கருதவில்லை. பார்வையாளருக்கென்று குறைந்த கட்டணத்தில் ஒரு சீட்டு வைத்தால் இந்த அதட்டலில் பாதி குறையும். மீதிப் பாதிக்கு நிழலும் நாற்காலியும் வேண்டும். சறுக்குக் கோபுரத்தின் இறக்கத்தில், பிள்ளை வந்து விழும் இடத்துக்கு எதிரே, நான்கு பெஞ்சுகளும் ஒரு வேப்பமரமும் இருந்தால் போதும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அன்றைய பகல் வீணாவதில்லை. நல்ல பூங்காவை அதன் உயரமான கோபுரத்தைக் கொண்டு அளப்பதைவிட அதன் பெஞ்சுகளைக் கொண்டு அளக்கலாம் என்பது எம் துணிபு.

எமது மாணவியர் சிலரிடம் விடுமுறைக்குக் குடும்பத்தோடு போன இடங்களைப் பற்றி எழுதச் சொன்னதுண்டு. பூங்காவைப் பற்றி எழுதியோருள் பலர் எழுதியது வேனைப் பற்றி. விடியலில் புறப்பட்டது, யார் சன்னலோரம் என்ற சண்டை, தம்பி வாந்தி எடுத்தது, மாமா பழைய பாட்டுப் போட்டது. ஒருத்தி, தன் அம்முச்சி கோபுரத்தின் உச்சியில் நின்றவர்களை எண்ணிக்கொண்டே இருந்ததையும், "நம்ம பையன் பதினேழாவது ஆளு" என்று சரியாகச் சொன்னதையும் எழுதியிருந்தாள்.

பூப்பறிக்கும் நோம்பிக்குக் காட்டுக்குப் போகும் வழக்கம் பல ஊர்களில் தேய்ந்துவிட்டது. ஆவாரஞ்செடி நின்ற கரடுகளில் மனைப்பிரிவுகள் வந்துவிட்டன. அந்த நாளில் வேன் பிடித்துப் பூங்காவுக்குப் போகும் பெண்கள் இன்றும் கட்டுச்சோறு கட்டுகிறார்கள். வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்று பல பூங்காக்களின் வாயிலில் எழுதியிருக்கும். அதனால் நண்பகலில் வெளியே வந்து, வண்டி நிறுத்துமிடத்தில் வேனின் நிழலில் பாய் விரித்து, புளிச்சோற்றையும் தயிர்ச்சோற்றையும் பிரித்துவைத்து, ஈரத்தலையோடு வட்டமாக உட்கார்ந்து உண்கிறார்கள். பக்கத்து வேன்காரர்களுக்கும் ஒரு கை கச்சாயம் போகிறது.